பீலித் தண்ணீருக்கு ஒரு பூவாளி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பீலிக்கு மூடி கிடையாது. மலை உச்சிப் பக்கம் ஓர் ஊற்று, அதன் கீழே ஒரு சின்ன சிமெந்துத் தொட்டி, அந்தத் தொட்டியிலிருந்து தேயிலைக்குள் புகுந்து சரிவில் இறங்கி வரும் ஒரு கறுப்புக் குழாய். குழாயின் வாய்தான் பீலி. லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பராவுக்கும், பன்னிரண்டு குடும்பத்துக்கும், அது ஒன்றுதான். இரவும் பகலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "ஐயோ, வீணாப் போகுதே, ஒரு டெப் போடக் கூடாதா?" என்று கேட்பார்கள். திருகி மூடும் டெப் போட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வரும் தண்ணீருக்கு வழி இல்லாமல் போனால், குழாயை எங்கெல்லாம் ஒட்டுப்போட்டு டயர் டியூப் சுற்றிக் கட்டியிருக்கிறோமோ அங்கே பிய்த்துக்கொண்டு போகும். அதனால் பீலியை மூடக் கூடாது. நடை பழகும் பிள்ளை அதன் வாயைக் கையால் அடைத்து விளையாடினால்கூட, யாராவது ஒருத்தி வந்து முதுகில் ஒன்று வைப்பாள்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அதை மூடினேன். மூடியதோடு நிற்கவில்லை, பொய்யும் சொன்னேன்.

இருபத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். வலது தோளைத் தூக்க முடியாமல் போனபோது தோட்டக் கணக்கில் பெயரை வெட்டிக்கொண்டு வீட்டோடு நின்றேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். மாதம் ஒரு தடவை வருவார், இரண்டு நாள் தூங்குவார், போய்விடுவார். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. காம்பராவுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் மூங்கில் நட்டுப் பொலித்தீன் போர்த்தி மரக்கறி நாற்றுப் போட ஆரம்பித்தேன். முதலில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன், பிறகு நோர்வூட்டுக்குக் கொண்டுபோய் விற்றேன். அப்படி இருக்கும்போதுதான் நானுஓயாப் பக்கம் தோட்டம் செய்கிற ஒரு சிங்கள மாத்தயா தேடி வந்தார். தட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மூவாயிரம் முட்டைக்கோவா நாற்று வேண்டும், அஞ்சு கிழமையில் லொறி வரும் என்றார். நாற்று நேராக, திடமாக இருந்தால் இனி எல்லாப் போகத்துக்கும் உங்களிடம்தான் வாங்குவேன், நோஞ்சானாக இருந்தால் ஒன்றையும் ஏற்ற மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எனக்கு அது போதும். இந்த ஒரு தடவை சரியாக வந்தால் நான் நாற்றுக்காரி. வராவிட்டால் தோட்ட வேலைக்குப் பெயர் எழுதும் கண்டாக்கையாவிடம் போய், அன்றாடக் கைக்காசுக்காவது கொழுந்து எடுக்கிறேன் என்று பெயர் கொடுக்க வேண்டும். அதுவும் இந்தத் தோளோடு.

கோவா விதை கடுகு மாதிரி இருக்கும். தேங்காய்த் தும்புத்தூள் நிரப்பிய தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, மேலே லேசாகத் தூவி, தண்ணீர் தெளிக்க வேண்டும். கொஞ்சத் தட்டு இருந்த காலத்தில் தகரப் பூவாளி போதுமாக இருந்தது. மூவாயிரத்துக்கு அதைத் தூக்கித் தூக்கி ஊற்ற என் தோள் சம்மதிக்கவில்லை. அதனால் லயத்துப் பெண்களிடம் கேட்டேன். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, எல்லோரும் மலையில் இருக்கும் நேரத்தில், பீலியின் வாயில் ஒரு ஹோஸை மாட்டிக்கொள்கிறேன் என்றேன். அடுத்த காம்பரா அக்காதான் எங்கள் லயத்தில் பெரிய குரல். அவர் சரி என்றால் மற்றவர்களும் சரி என்பார்கள். அவர் சரி என்றார்.

ஹோஸ் வாங்கியாகிவிட்டது. அதன் நுனிக்கு ஒன்று வேண்டுமே. ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க அட்டையில் குத்தித் தொங்கவிட்டிருந்தார்கள். திருகினால் மெலிந்தும் தடித்தும் பாயும் பித்தளை மூக்கு, பனி மாதிரி தூவும் சின்ன மூக்கு, நீளக் கம்பியின் நுனியில் தாமரைக் காய் மாதிரித் தலை வைத்த ஒன்று, அப்புறம் துப்பாக்கி மாதிரி விசை வைத்த தண்ணீர்த் துவக்கு. துவக்கு மஞ்சளாகப் பளபளவென்று இருந்தது. தலையைத் திருப்பினால் ஏழு விதமாகத் தண்ணீர் வருமாம். அட்டையில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி பூக்களுக்கு முன்னால் நின்று, தோளே வலிக்காதவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன்.

முதல் நாள் ஹோஸைப் பீலியில் செருகி, தண்ணீரின் வேகத்துக்குக் கழன்றுவிடாதபடி டயர் டியூப்பை நாலு சுற்றுச் சுற்றிக் கம்பியும் முறுக்கினேன். துவக்கை அழுத்தினேன். நாலாவது தட்டுக்குப் போவதற்குள் இரண்டு தட்டுக் குழிகளில் இருந்த விதையும் தூளும் பறந்து சுவரில் ஒட்டிக்கொண்டன. தலையைத் திருப்பிப் பனி மாதிரி வைத்தேன். அது பாதி காற்றோடு போயிற்று, மீதி மேல் தூளை நனைத்ததோடு சரி. விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடந்தது. பறந்த குழிகளுக்கு மறுபடி விதை போட்டு, ஒரே தட்டுக்கு மூன்று நாலு தடவை தூவிச் சமாளித்தேன். ஆனாலும் எனக்குத் துவக்கு பிடித்திருந்தது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். விசையிலிருந்து விரலை எடுத்தால் தண்ணீர் நின்றது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்காக நான்தான் வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்காகத் தண்ணீர் நின்றது அதுதான் முதல் தடவை. பைத்தியக்காரி மாதிரி பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு விளையாடினேன்.

பீலியை மூடக் கூடாது என்பது மறந்தா போயிற்று? மறக்கவில்லை. ஆனால் டெப் போட்டால்தான் மூடுவது, கையில் பிடித்திருப்பதெல்லாம் மூடுவதில் சேராது என்று என் புத்தி எனக்குச் சொன்னது. நாற்று முளைத்து இரண்டு இலை விட்ட பிறகு ஒரு நாள், தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் போன் எடுத்தார். துவக்கை நாற்றுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனேன். பேசி முடித்து, ரொட்டிக்கு மாப் பிசைந்து, அரை மணி நேரம் கழித்து வந்து அழுத்தினால், புஸ் என்று காற்றுத்தான் வந்தது.

நான் போட்ட கட்டு அப்படியே இருந்தது. மேலே யாரோ எப்போதோ போட்ட கட்டுத்தான் விட்டுப்போயிருந்தது.

நாலரைக்கு எல்லோரும் வேலை விட்டு வந்தார்கள். கொழுந்துச் சாறு பிடித்த கை, சேறு பிடித்த கால். பீலியில் ஒரு சொட்டு இல்லை. ஹோஸை நான் அதற்கு முன்பே கழற்றிச் சுருட்டி வைத்திருந்தேன்.

"என்னாடி இது, பீலி செத்துக் கெடக்கு?" என்றார் அக்கா.

"எனக்கு என்னாக்கா தெரியும்? மேல பன்னி கின்னி கெளறி விட்டுருக்கும்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அக்கா உடுப்பு மாற்றாமலே இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். இருட்டுவதற்குள் இறங்கி வந்தவர், காலில் இருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேரே என் வாசலுக்கு வந்தார். "பன்னி கெளறுனா மண்ணு பொரண்டு கெடக்கும். மண்ணு அப்படியே இருக்கு, கட்டு மட்டும் பிஞ்சிருக்கு. அதுவும் ரெண்டு எடத்துல. எந்த ஊருப் பன்னி வந்து கட்டைப் பிச்சிட்டுப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே என் பீப்பாயைப் பார்த்தார். துவக்கை எடுத்தார். விசையை அழுத்தினார், விட்டார். "இது மூடுமா?" என்றார்.

"மூடும்" என்றேன். 

அன்றைக்குப் பக்கத்து லயத்திலிருந்து எல்லோரும் வாளியில் சுமந்தார்கள். மறுநாள் அக்காவும் மற்றவர்களும் அரை நாள் வேலையை விட்டுக் குழாயைக் கட்டினார்கள். நானும் மண் தோண்டினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அக்கா மட்டும் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இனிமே பீலியில ஒண்ணையும் மாட்டாத. வாளியில அள்ளிக்க, அதை யாரும் வேணாங்கல." அன்றிலிருந்து வழியில் என்னைக் கண்டால், "பன்னி எல்லாம் நல்லாருக்கா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வாளியில் அள்ளினேன். சோடாப் போத்தல் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, போத்தல் போத்தலாகப் பிழிந்து தெளித்தேன். மழை இல்லாத மாதம், வெயில் பொலித்தீனுக்குள் கொதித்தது. ஒரு முனையில் தெளித்து முடித்து மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனை வாடிவிடும். ஒரு கிழமை போனது. சுவரோரத் தட்டுகள் மஞ்சளாக ஆரம்பித்தன. தோள் இரவில் தூங்க விடவில்லை. ஒன்பதாம் நாள் தோற்றுப்போனேன். கண்டாக்கையாவிடம் போய்ப் பெயர் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டு, "ஒண்ணாந் தேதி பெரட்டுக்கு வந்துரு" என்றார். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வரிசைதான் பெரட்டு.

வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். முகம் கழுவினேன். கழுவும்போதே கோபம் வந்துவிட்டது. மூவாயிரம் நாற்று இன்னும் உயிரோடு இருக்கிறது, நான் அதற்குள் ஒப்பாரி வைத்துவிட்டேனே என்ற கோபம். துவக்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஹட்டன் கடையில், வெடிச்சுப்போச்சு நானா என்று துவக்கை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பனி சாமான் தங்கச்சி. வெடிக்கிறதுக்குச் சான்ஸே இல்ல."

"தொவக்கு வெடிக்கல நானா. எங்க லயத்துக் குழாய்தான் வெடிச்சிச்சு."

"அப்ப இதுல என்னா பிழை?"

"பிழை இதுல இல்ல. எடுத்த ஆளுலதான். வேற காட்டுங்க."

"நனைஞ்ச சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அட்டைகளை இறக்கினார். எனக்கு இந்தத் தடவை அட்டைப் படம் வேண்டாம், தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம், அதில் ஒரு டெப். ஒவ்வொன்றாக மாட்டினோம். நான் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன், அங்கே கைதானே நாற்று. பித்தளை மூக்கு ஊசி மாதிரிக் குத்தியது. பனி மூக்கு கையை நனைக்கவே இல்லை. கடைசியாக நீளக் கம்பியை மாட்டினோம். நுனியில் நூறு ஓட்டை போட்ட தலை. அதிலிருந்து தண்ணீர் சளி பிடித்த மூக்கு மாதிரி சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"பார்த்தீங்களா? இது சரிவராது. தண்ணி வடியுது" என்றார் நானா.

நான் கூரைக்கு மேலே பார்த்தேன். கூரையில் ஒரு கறுப்புத் தாங்கி. அவருடைய தண்ணீர் அங்கிருந்து இறங்குகிறது, ஓர் ஆள் ஏணி வைத்து ஏறும் உயரம். எங்கள் தண்ணீர் மலை உச்சியிலிருந்து வருகிறது. இங்கே வடிவது அங்கே மழையாக விழும். ஒரு வாயால் பாய்ந்து விதையைப் பறக்கடித்த வேகத்தை நூறு ஓட்டைக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம்தான் கிடைக்கும். கம்பி நீளமாக இருப்பதால் தோளையும் தூக்க வேண்டாம், இடுப்பளவில் பிடித்தாலே சுவரோரத் தட்டுக்கு எட்டும். துவக்கு வாங்கிய அன்றைக்கு இந்த யோசனை எனக்கு வரவில்லை. எந்தத் தண்ணீருக்கு வாங்குகிறோம் என்று பார்க்காமல் எந்தச் சாமான் பளபளக்கிறது என்று பார்த்துவிட்டேன்.

ஆனால் அதன் கழுத்திலும் தண்ணீரை நிறுத்த, பெருவிரலால் தள்ளுகிற ஒரு பூட்டு இருந்தது.

"இந்தப் பூட்டைக் கழட்டித் தாங்க நானா."

"கழட்டுனா தண்ணிய எப்படி நிப்பாட்டுவீங்க?"

"நிப்பாட்டவே கூடாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து, பூட்டைக் கழற்றி, கம்பியை நேரடியாக ஹோஸில் செருகும்படி ஒரு மூட்டுப் போட்டுத் தந்தார். "பூட்டு நல்லா இருக்கான்னு கேட்டு ஆள் வந்திருக்கு. பூட்டு வேணாம்னு வந்த மொத ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். நனைந்த துவக்கையும் கடைசியில் எடுத்துக்கொண்டார், வீட்டுப் பூச்சட்டிக்கு ஆகும் என்று.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் லயத்தில் இருந்தார்கள். ஹோஸையும் கம்பியையும் தூக்கிக்கொண்டு அக்காவின் வாசலில் போய் நின்றேன். "அக்கா, பன்னின்னு நான் சொன்னது பொய். மூடுனதும் நான்தான். ஒங்க மூஞ்சியப் பார்த்துப் பொய் சொன்னதுக்குத்தான் எனக்கு வெக்கமா இருக்கு. இன்னொரு தடவை மாட்டிக் காட்டுறேன். ஒங்களுக்குப் பிடிக்கலன்னா இதை இங்கேயே ஒடிச்சுப் போடுங்க" என்றேன். நான் ஒருவரிடமும் இப்படிப் பணிந்து பேசியதில்லை. அக்காவுக்கும் அது தெரியும்.

அவர் கம்பியை வாங்கி நுனியிலிருந்து அடி வரை தடவினார். "எங்க மூடுறது?"

"மூட முடியாதுக்கா."

"அதை நான் பார்த்துக்கிறேன்." ஹோஸை அவரே பீலியில் செருகினார். தலையிலிருந்து தண்ணீர் குடை மாதிரி விரிந்தது. அக்கா இரண்டு உள்ளங்கையையும் வைத்து அந்தத் தலையை அழுத்தினார். தண்ணீர் விரல் இடுக்கு வழியாக நாலாபக்கமும் சீறி, அவர் முகத்தையும் சட்டையையும் நனைத்தது. விடாமல் இன்னும் அழுத்தினார், இன்னும் நனைந்தார். பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவால் அதை அடைக்க முடியவில்லை. தண்ணீர் விடாத நேரத்தில் எப்படி என்று கேட்டார். கம்பியைப் பீப்பாய்க்குள் போட்டுக் காட்டினேன். அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, நிறைந்து வழிந்து வாய்க்காலில் இறங்கியது.

"சரி. எடுத்துக்க" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஆனா இப்ப அந்த நாத்துக்கு விடு, பார்க்கணும்."

விட்டேன். அந்த இளம் நாற்று ஒன்றுகூடச் சாயவில்லை. தண்ணீர் பட்டதும் லேசாக அசைந்தன, அவ்வளவுதான். தூள் மெல்லக் கறுத்து ஈரத்தைக் குடித்தது. நான் ஒரு கோடி முதல் மறு கோடி வரை தோளைத் தூக்காமல் நடந்து முடித்தேன். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, இதை வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஊற்றுத் தண்ணீரில் வரும் இலைத்தூள் ஓட்டைகளை அடைத்தது. ஹோஸின் வாயில் பழைய நைலோன் துணி கட்டிச் சரி செய்தேன். சுவரோரத்தில் நாலு தட்டுக் காப்பாற்ற முடியாமல் செத்துப்போயின. மற்றவை ஒரு கிழமையில் பச்சை பிடித்து நிமிர்ந்தன.

மாதக் கடைசியில் லொறி வந்தது. மாத்தயா ஒரு நாற்றைப் பிடுங்கித் தூளை உதறினார். வெள்ளை வேர் கொத்தாகத் தொங்கியது. இன்னொரு தட்டிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார்.  பிறகு லொறிக்காரனைப் பார்த்து ஏற்றச் சொல்லிக் கை காட்டினார். எண்ணி முடித்து, "நங்கி, கொறைவு இருக்கு" என்றார். தெரியும் மாத்தயா, கொஞ்சம் செத்துப்போச்சு என்றேன். "பரவால்ல. அடுத்த தடவ சேத்துக் குடுங்க" என்றார்.

அடுத்த தடவை என்று அவர் சொன்னதை நான் லொறி வளைவில் திரும்பி மறையும் வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

ஒண்ணாந் தேதி காலையில் பெரட்டுக்குப் போனேன், கொடுத்த பெயரை எடுத்துவிடச் சொல்ல. யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பனி இறங்கியிருந்தது. எல்லோரும் கூடையோடு நின்றார்கள், நான் வெறுங்கையோடு கடைசியில் நின்றேன். நின்றதும் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு லொறிதானே போயிருக்கிறது. அடுத்த போகம் அழுகிப்போனால்? இப்போது வேண்டாம் என்றுவிட்டு நாளைக்கு வந்து நின்றால் கண்டாக்கையா முகம் கொடுப்பாரா? ஒரு கிழமை கொழுந்து எடுத்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். நான் ஓர் அடி முன்னே வைத்து, திரும்பவும் பின்னே வைத்தேன்.

முன்வரிசையில் நின்ற அக்கா பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் லயம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்: "அவ வரமாட்டாங்கையா. அவளுக்கு நாத்துக்குத் தண்ணி விடணும். பேரை வெட்டிருங்க."

கண்டாக்கையா தலையைத் தூக்கி என்னைத் தேடினார். "அப்படியா?"

"ஆமாங்கையா" என்றேன். வரிசையை விட்டு விலகி நின்றேன்.

அவர் பேனாவால் ஒரு கோடு கிழித்தார். வரிசை கலைந்து எல்லோரும் மலைக்கு ஏறினார்கள். பெரட்டு முடிந்து நான் மட்டும் கீழே இறங்கி நடந்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேகமாக.